நல்லவனும் நமக்குப் பிடித்தவனும்

(ஆரணியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கதையிலும் கூத்திலும் சினிமாவிலும் எத்தனையோ பேர் வந்துபோகிறார்கள். அவர்களில் சிலரை மட்டும் நமக்குப் பிடித்துப்போகிறது. கற்பனை ஆள் என்று தெரிந்தே அவனுக்காக அழுகிறோம், அவனை யாராவது திட்டினால் நமக்குக் கோபம் வருகிறது. இது எப்படி நிகழ்கிறது? இதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

இந்தக் கேள்வியை ஆரணியில் வைத்துப் பேசுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊருக்குக் கதை புதிதல்ல. பிள்ளை வரம் வேண்டித் தசரதன் வழிபட்ட தலம் என்று இங்குள்ள புத்திரகாமேட்டீஸ்வரர் கோயிலைச் சொல்கிறார்கள். இராமகாதையின் முதல் வேண்டுதலே இந்த மண்ணில் நடந்ததாக நம்புகிற ஊர் இது. பக்கத்தில் படவேட்டில் ரேணுகாம்பாள் இருக்கிறாள். பெற்ற மகன் கையாலேயே வெட்டுண்டவளை அம்மனாக வைத்துக் கும்பிடுகிறோம். சுற்றுவட்டாரக் கிராமங்களில் பங்குனி தொடங்கி ஆடி வரை ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் அக்கினி வசந்த விழா நடந்தபடியே இருக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. இதெல்லாம் போதாதென்று, பட்டு நெசவாளி ஒருவனையே கதாநாயகனாக வைத்து எடுத்த ஒரு படமும் தமிழில் இருக்கிறது. ஆகவே என் கேள்விக்கு விடை தேட நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நல்லவனா, பிடித்தவனா?

நல்லவனாக இருந்தால் பிடித்துப்போகும் என்று சொல்வது எளிது. ஆனால் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை.

1978இல் வந்த ‘முள்ளும் மலரும்’ படத்தை நினைத்துப் பாருங்கள். உமாசந்திரனின் நாவலைத் தழுவி மகேந்திரன் இயக்கிய முதல் படம். அதில் இரண்டு ஆண்கள். ஒருவர் என்ஜினியர் குமரன். நேர்மையானவர், சட்டப்படி நடப்பவர், படித்தவர், காளியின் தங்கையை முறைப்படி கைப்பிடிக்க நினைப்பவர். அவர்மேல் ஒரு குறை சொல்ல முடியாது. இன்னொருவன் விஞ்ச் ஆபரேட்டர் காளி. முரடன், வீம்புக்காரன், சட்டத்தை மதிக்காதவன், தங்கையின் மனதைக் கேட்காமல் அவளுக்குக் கல்யாணம் பேசுகிறவன். நியாயத் தராசில் வைத்தால் குமரன் பக்கம்தான் தாழும். ஆனால் தியேட்டரிலிருந்து வெளியே வரும்போது நாம் கூட்டிக்கொண்டு வருவது காளியைத்தான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் காளியைப் பற்றித்தான் பேசுகிறோம்.

தாய் தகப்பன் இல்லாத சின்ன வயதில் தங்கையைத் தூக்கி வளர்த்தவன் காளி. அவனிடம் இருந்தவை இரண்டே சொத்துகள்: ஒன்று தங்கை வள்ளி, மற்றது தன் வீம்பு. கையை இழக்கிறான், வேலையை இழக்கிறான். அப்போதும் வீம்பை விடவில்லை. கடைசியில் ஊரையே விட்டுவிட்டுத் தன்னிடம் திரும்பி ஓடி வந்த தங்கையை, தனக்குப் பிடிக்காத அந்த என்ஜினியரிடமே தன் கையால் சேர்க்கிறான். சேர்க்கும்போதும் அவரைப் பிடித்துவிட்டதாகப் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு முடிவுக்கு அவன் கொடுத்த விலை என்ன என்பது நமக்குத் தெரியும். குமரன் நல்லவர்தான், ஆனால் அந்த நல்ல குணத்துக்காக அவர் கைப்பொருள் எதையும் கொட்டிக்கொடுக்கவில்லை. காளி கொடுத்தான்.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு பாத்திரம் தானாக ஒரு முடிவை எடுக்கிறது. அதன் விலையைத் தன் கையிலிருந்தே கட்டுகிறது. அதை நாம் பக்கத்தில் இருந்து பார்க்கிறோம். பிரியம் அங்கேதான் பிறக்கிறது. குணச்சான்றிதழைப் பார்த்து யாரும் யாரையும் நேசிப்பதில்லை.

தொல்காப்பியர் தரும் இரண்டு பட்டியல்கள்

நம் இலக்கணத்தில் இதற்கு ஒரு பிடி கிடைக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் எந்தெந்த நிலைக்களனில் பிறக்கும் என்று நான்கு நான்காக வகுத்துச் சொல்கிறது. அவற்றில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அழுகை பிறப்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றால்: பிறர் இகழ்வது, இழப்பது, நிலை தளர்வது, இல்லாமை. பெருமிதம் பிறப்பது கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகியவற்றால்.

இந்த இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பட்டியல் மட்டும் உள்ள ஆளைப் பார்த்தால் நமக்கு இரக்கம் வரும். ‘ஐயோ பாவம்’ என்போம். இரண்டாவது பட்டியல் மட்டும் உள்ள ஆளைப் பார்த்தால் அண்ணாந்து பார்ப்போம், கும்பிடுவோம். இரண்டும் ஒரே ஆளிடம் கூடிவிட்டால்? இகழப்பட்டவனே கொடையாளியாக இருந்தால்? எல்லாவற்றையும் இழந்தவனே அஞ்சாமல் நின்றால்? அவனை மேலிருந்தும் பார்க்க முடியாது, கீழிருந்தும் பார்க்க முடியாது. நேருக்கு நேர் பார்க்கத்தான் முடியும். அந்தப் பார்வைக்குப் பெயர்தான் பிரியம்.

கிரேக்கத்து அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ இந்த இடத்துக்கே வருகிறார். முழு நல்லவன் வீழ்ந்தால் நமக்கு அருவருப்பே மிஞ்சும்; முழுக் கெட்டவன் வீழ்ந்தால் சரிதான் என்றிருக்கும்; இடைப்பட்ட ஒருவன், நம்மைப் போன்ற ஒருவன், தன் பிழையால் வீழும்போதுதான் இரக்கமும் அச்சமும் சேர்ந்து வரும் என்பது அவர் கருத்து. அவர் வீழ்ச்சியை வைத்துப் பேசினார். நான் அந்த வீழ்ச்சிக்கு முன்னால் உள்ள முடிவை வைத்துப் பேச விரும்புகிறேன்.

வாயில் பட்டு நூல்

இப்போது நம் தொழிலுக்கு வருவோம். பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ படம் 2008இல் டொராண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. 55ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வானது. வெங்கடமாக நடித்த பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகரானார். கதை நடப்பது காஞ்சிபுரத்தில், பெரும்பாலும் விடுதலைக்கு முந்தைய காலத்தில். ஆனாலும் அந்தத் தறிக்குழியை ஆரணிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பாவு, ஊடை, நாடா, கோர்வை, முந்தி என்று உங்கள் வீட்டுப் பேச்சில் இருப்பதெல்லாம் அங்கேயும் இருக்கிறது.

வெங்கடம் கைதேர்ந்த பட்டு நெசவாளி. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் பட்டு நெய்பவன். அவன் வீட்டுப் பெண்கள் உடலில் பட்டு பட்டதில்லை. மகள் பிறந்ததும், பட்டுச் சேலை கட்டித்தான் அவளைக் கல்யாணம் செய்துகொடுப்பேன் என்று சபையறிய வாக்குக் கொடுக்கிறான். நெசவாளிக்கு அது எவ்வளவு பெரிய வாக்கு என்று கேட்டவர்களுக்கு உடனே தெரிகிறது. அவன் கூலியில் அது நடக்காது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த காசும் குடும்பத்தின் வேறொரு அவசரத்தில் கரைந்துபோகிறது. அதன் பிறகுதான் முதலாளியின் தறிக்கூடத்திலிருந்து நூல் திருடத் தொடங்குகிறான். வாயில் வைத்துக் கொண்டுபோகிறான். வீட்டில் மறைவாகப் போட்ட தறியில், யாருக்கும் தெரியாமல், மகளுக்கான சேலையை நெய்கிறான்.

அந்தத் திருட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பட்டு நூலை எடைபோட்டுக் கொடுத்து, நெய்த சேலையை எடைபோட்டு வாங்கும் தொழில் இது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு சின்னச் சுருள் நூலைத்தான் ஒரு நாளைக்கு எடுக்க முடியும். பணக்காரன் ஆவதற்கு யாரும் இப்படித் திருட மாட்டார்கள். ஒரு சேலைக்கு வேண்டிய நூல் சேர ஒரு பெண் குழந்தை வளர்ந்து ஆளாகும் காலம் பிடிக்கும். நூல் வாயில் இருக்கும்வரை அவனால் பேச முடியாது. வழியில் யாராவது நலம் விசாரித்தால் பதில் சொல்ல முடியாது. எச்சில் விழுங்குவதற்கும் யோசிக்க வேண்டும். சங்கத்தில் சக தொழிலாளிகளுக்காக வாய் திறந்து பேசுகிற அதே மனிதனின் வாய், மாலையில் அடைபட்டுப்போகிறது. திருட்டின் அளவு துளி. அதற்கு அவன் கொடுக்கும் விலையோ அவன் குரல்.

அதோடு கதை நிற்பதில்லை. கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தத்தை முன்நின்று நடத்தும் வெங்கடம், மகளின் கல்யாணம் நெருங்கியதும் வேலைக்குத் திரும்புகிறான். வேலை நடந்தால்தானே நூல் கிடைக்கும்? தோழர்களுக்குச் செய்த துரோகம் அது. இயக்குநர் அதை மறைக்கவில்லை. அதற்கு நியாயம் கற்பிக்கவும் இல்லை. நாமும் அதை மன்னித்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இடத்திலும் நாம் அவனைவிட்டு விலகிப்போவதில்லை. ஒரு வாக்கைக் காப்பாற்ற இன்னொரு வாக்கை உடைக்கிறான் என்று நமக்குத் தெரியும்; அது தெரிந்த ஒரே ஆள் நாம்தான் என்பதும் தெரியும். பிறகு பிடிபடுகிறான், சிறைக்குப் போகிறான், மகள் விபத்தில் முடங்கிப்போகிறாள், இரண்டு நாள் விடுப்பில் ஊருக்கு வருகிறான், அவளைப் பார்த்துக்கொள்ள யாருமில்லாத நிலையில் தன் கையாலேயே அவள் வாழ்வை முடிக்கிறான். பாதியில் நின்ற பட்டுத் துணியைத் தறியிலிருந்து அறுத்து எடுத்து அவள் உடலைப் போர்த்தப் பார்க்கிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது, காலை மூடினால் முகம் தெரிகிறது.

பாரதக் கூத்தில் திரௌபதிக்குச் சேலை முடிவில்லாமல் வந்தது. அதைக் கண்ணன் கொடுத்தான். வெங்கடத்தின் மகளுக்குச் சேலை போதவில்லை. அதை நெசவாளியே நெய்ய வேண்டியிருந்தது. இளிவு, இழவு, அசைவு, வறுமை நான்கும் இவனிடம் உண்டு. கைத்தொழிலில் தேர்ந்த கல்வியும், தறுகண்ணும், மகளுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிடத் துணியும் கொடையும் உண்டு. அதனால்தான் அவனைத் திருடன் என்று ஒரு பக்கம் எழுதி மூடிவிட நம்மால் முடியவில்லை.

படுகளத்தில் அழும் ஊர்

இதே கணக்கை நம் வட்டாரத்து ஊர்சனம் எந்தப் புத்தகமும் இல்லாமல் பல தலைமுறைகளாகப் போட்டு வைத்திருக்கிறது. ‘வில்வளைப்பு’, ‘பகடை துகில்’, ‘அர்ச்சுனன் தபசு’, ‘அபிமன்யு சண்டை’, ‘கர்ண மோட்சம்’ என்று கூத்து இரவிரவாக நடக்கும். ‘கர்ண மோட்சம்’ அன்று கூட்டம் தனி. செய்யாறு வட்டத்துப் புரிசையில் நடேசத் தம்பிரான், கண்ணப்பத் தம்பிரான் வழிவந்த குழு இந்தக் கூத்தால் உலகறியப்பட்டது. 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமிக்கு நவீன நாடகத்துக்கான வழியைக் காட்டியது புரிசைக் கூத்துதான்.

கர்ணனை ஏன் இப்படிக் கொண்டாடுகிறோம்? வள்ளல் என்பதற்காக மட்டுமா? கடையேழு வள்ளல்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ராத்திரி முழுக்க யாரும் கண் விழிப்பதில்லை. கூத்தில் கர்ணன் போருக்குப் புறப்படும் முன் மனைவி பொன்னுருவியிடம் விடை கேட்கப் போகிறான். அவளோ அவன் பிறப்பைச் சொல்லி இகழ்கிறாள். நாட்டுக்கே அள்ளிக் கொடுத்தவன் தன் வீட்டு வாசலில் ஒரு மரியாதைக்குக் கையேந்தி நிற்கிறான். அதற்கு முன்பே குந்தி வந்து போய்விட்டாள். நீ என் மூத்த மகன், அந்தப் பக்கம் வந்துவிடு, அரசும் உனக்கே என்கிறாள். வந்திருந்தால் கர்ணன் வென்றிருப்பான். வரவில்லை. தன்னை மனிதனாக மதித்த துரியோதனனோடு, தோற்கும் பக்கம் என்று தெரிந்தே நிற்கிறான். இந்த ஒரு முடிவுதான் கர்ணன். கவச குண்டலமெல்லாம் அதற்கு முன்னால் கொடுத்த சில்லறை. 1964இல் பந்துலு எடுத்த ‘கர்ணன்’ படம் 2012இல் புதுப்பித்து வெளிவந்தபோது, அது முதலில் வந்த நாளில் பிறக்காதவர்களும் தியேட்டரில் அழுதார்கள். நூறு நாளைத் தாண்டி ஓடியது.

துரியோதனனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதினெட்டாம் போர் அன்று கோயில் வெளியில் மண்ணால் அவன் உருவத்தை மல்லாந்த நிலையில் மிகப் பெரிதாகச் செய்து வைப்பார்கள். வண்ணம் தீட்டி, மீசை வைத்து, கிரீடம் வைத்து. வேடக்காரர்கள் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள், அதன்மேல் ஏறி நின்று சவால் விடுவார்கள். கடைசியில் பீமன் தொடையில் அடிப்பான். அங்கே புதைத்து வைத்த சிவப்பு நீர் பீறிடும். திரௌபதி கூந்தல் முடிப்பாள். ஊர் அவ்வளவு நாள் காத்திருந்தது இதற்குத்தான். அதன் பிறகு என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். காந்தாரி வருகிறாள், செத்த மகனுக்காக ஒப்பாரி வைக்கிறாள். சற்று முன்புவரை அவன் சாக வேண்டும் என்று நின்ற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். அந்த உருவத்தின் மண்ணை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கமும் உண்டு.

துரியோதனன் செய்தது சரி என்று அந்தப் பெண்களில் ஒருவர்கூடச் சொல்ல மாட்டார். ஆனால் கர்ணனைத் தேரோட்டி மகன் என்று சபை சிரித்தபோது எழுந்து அங்க நாட்டைக் கொடுத்தவன் அவன். மனைவியின் முத்து மேகலையை நண்பன் இழுத்து அறுந்து சிதறிய நேரத்தில் உள்ளே வந்தவன், சந்தேகத்தின் சாயல்கூட இல்லாமல், முத்துகளைப் பொறுக்கட்டுமா, கோக்கட்டுமா என்றுதான் கேட்டான். ஆயிரம் வஞ்சகம் செய்தவனிடம் நட்பு என்ற ஒரு பொருள் மட்டும் மாசில்லாமல் இருந்தது. அதை அவன் கடைசிவரை விற்கவில்லை.

பிடித்துப்போவதால் பாவத்துக்குத் துணைபோகிறோமா என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வேண்டாம் என்று கூத்தே சொல்கிறது. ‘பகடை துகில்’ அன்று துச்சாதனன் வேடம் கட்டியவர், திரௌபதியின் சேலையில் கை வைக்கும் முன், கூத்தை நிறுத்திச் சூடம் ஏற்றி அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். பிறகுதான் இழுப்பார். ஆளும் வேடமும் வேறு, பிரியமும் ஒப்புதலும் வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விமரிசகரும் சொல்லிவிட முடியாது.

இளங்கோ காத்திருந்த இடம்

திரைக்கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் புத்தகங்களில் இன்று ஒரு பாடம் பரவலாக இருக்கிறது. பிளேக் ஸ்னைடர் என்ற அமெரிக்கர் 2005இல் எழுதிய ‘சேவ் தி கேட்’ என்ற நூல் அதற்குப் பெயரே வைத்துவிட்டது. கதாநாயகன் வந்த சில நிமிடங்களிலேயே ஒரு பூனையையாவது காப்பாற்றும்படி, ஏதாவது ஒரு நல்ல காரியத்தைச் செய்யவிடு. பார்ப்பவர்களுக்கு அவனைப் பிடித்துவிடும் என்பது அந்தப் பாடம். நம் படங்களில் கதாநாயகன் அறிமுகமாகும்போது கண் தெரியாத பாட்டியைச் சாலை கடக்கவைப்பதும் இதே வகைதான்.

இளங்கோவடிகள் இதை அறியாதவர் அல்லர். கோவலன் பூனையை அல்ல, மதயானையிடம் சிக்கிய ஒரு முதியவரையே காப்பாற்றினான். யானையின் பிடியிலிருந்து அவரை மீட்டு, அதன் மேலேறி அடக்கினான். கீரியைக் கொன்றுவிட்ட பாவத்துக்காகக் கணவன் கைவிட்டுப்போன பெண்ணுக்குப் பொருள் கொடுத்து அந்தக் குடும்பத்தைச் சேர்த்துவைத்தான். பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் பிடித்தபோது, அவனுக்குப் பதிலாக என் உயிரை எடுத்துக்கொள் என்று முன்னால் நின்றான். பூதம் மறுத்துவிட, செத்தவனின் சுற்றத்தைத் தானே காப்பாற்றினான்.

இவ்வளவு நல்ல காரியங்களை இளங்கோ எங்கே வைத்தார்? புகார்க் காண்டத்தின் தொடக்கத்தில் வைக்கவில்லை. அங்கே கோவலன் மாதவியிடம் போகிறான், சொத்தைக் கரைக்கிறான், கடற்கரைப் பாட்டில் ஊடி எழுந்து போகிறான். நாம் அவன்மேல் கோபமாகவே இருக்கிறோம். மதுரைப் புறஞ்சேரியில், அடைக்கலக் காதையில், மாடலன் என்ற மறையவன் வந்து இந்தப் பழைய கதைகளையெல்லாம் சொல்கிறான். அடுத்த காதை கொலைக்களக் காதை. அதாவது, கோவலன் சாவதற்குச் சற்று முன்புதான் அவன் யார் என்பது நமக்குத் தெரிகிறது.

முதலிலேயே சொல்லியிருந்தால் அது அவனுக்குக் கொடுத்த நற்சான்று. கடைசியில் சொன்னதால், நம் கோபத்தை நாமே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஊருக்கெல்லாம் உயிரைக் கொடுக்கத் துணிந்தவன், தன் மனைவிக்கு மட்டும் கொடுக்கத் தவறினான். அதை உணர்ந்து, வெட்கத்தோடு, அவள் சிலம்பை எடுத்துக்கொண்டு அவன் கடைவீதிக்குப் போகிறான். நல்ல செயலைக் காட்டினால் மட்டும் போதாது, எப்போது காட்டுகிறோம் என்பதில்தான் எழுத்தாளரின் கை தெரியும். அவசரப்பட்டுப் பிடிக்கவைக்கப்பட்ட பாத்திரம் அவசரமாகவே மறந்தும் போகும்.

மறுபக்கம்

பட்டுச் சேலை வாங்க வருபவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் முந்தியைத் திருப்பி மறுபக்கம் பார்ப்பார். ஜரிகை எப்படி ஓடியிருக்கிறது, கை வேலையா, விசைத்தறியா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். பாத்திரத்தையும் அப்படித் திருப்பிக் காட்ட வேண்டும். கதைக்குள் இருக்கும் மற்றவர்கள் பார்ப்பது முன்பக்கம். நமக்கு மட்டும் மறுபக்கம் தெரிய வேண்டும். வெங்கடத்தின் வாயில் நூல் இருப்பது முதலாளிக்குத் தெரியாது, தோழர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். கர்ணன் குந்தியின் மகன் என்பது அர்ச்சுனனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஒருவரின் இரகசியத்தைக் காப்பவர்கள் அவருக்கு நெருங்கியவர்கள் ஆகிவிடுகிறார்கள். பார்வையாளர்களை அந்த நெருக்கத்துக்குள் இழுப்பது கதை சொல்பவரின் வேலை.

கூத்து இதை நேரடியாகவே செய்கிறது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். அதன் பின்னால் நின்று வேடக்காரர் விருத்தம் பாடுவார். சலங்கை ஒலி மட்டும் கேட்கும். பிறகு வெளியே வந்து, நான் இன்னார், என் நிலைமை இது என்று நம்மிடமே சொல்வார். கட்டியங்காரன் குறுக்கே கேள்வி கேட்டுக் கேட்டு இன்னும் கொஞ்சம் வெளியே கொண்டுவருவான். இராவணனே வந்தாலும் முதலில் தன் வாயால் தன் பக்கத்தைச் சொல்ல அங்கே இடம் உண்டு. பேச இடம் கொடுத்த பிறகு ஒருவரை முழுக்க வெறுப்பது கடினம்.

இதில் தறிக்கூடத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நாடாவும் மிதியும் கையையும் காலையும் பிடித்துவைத்திருக்க, காது மட்டும் சும்மா இருக்கும். வானொலியில் ஒலிச்சித்திரம், பிறகு கதை வசனக் கேசட் என்று நெசவாளர்கள் பல படங்களைப் பார்ப்பதைவிடக் கேட்டே அறிந்தவர்கள். முகம் தெரியாது, உடை தெரியாது, சண்டைக்காட்சி தெரியாது. குரல் ஒன்றுதான் ஆதாரம். அந்தச் சோதனையில் தேறிய பாத்திரங்கள்தான் இங்கே நிலைத்தன. உங்கள் பாத்திரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஆளாகத் தெரிகிறதா என்று எழுத வரும் இளைஞர்கள் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

தோற்காதவர்களும் கேட்காதவர்களும்

ஒரு மறுப்பை இங்கே எதிர்பார்க்கிறேன். எம்.ஜி.ஆர். நடித்த பாத்திரங்கள் பெரும்பாலும் இழப்பதில்லை, தவறு செய்வதில்லை, கடைசியில் தோற்பதும் இல்லை. ஆனாலும் கோடிப் பேருக்குப் பிடித்ததே என்று கேட்கலாம். உண்மைதான். அதில் பெருமிதம் மிகுதி, அழுகை குறைவு. அந்தப் பிரியத்தில் வழிபாடு கலந்திருக்கிறது. ஆனால் அந்த வழிபாடும் சும்மா வந்துவிடவில்லை. 1964இல் ‘படகோட்டி’யில் மீனவராக வந்தார், 1971இல் ‘ரிக்‌ஷாக்காரன்’ ஆக வந்து தேசிய விருதும் பெற்றார். உழைப்பவர்களை ஊர் இகழும் இடத்தில் முதலில் போய் நின்றுகொண்டுதான் அவர் நிமிர்ந்தார். இளிவைத் தொட்டுவிட்டுத்தான் பெருமிதத்துக்கு ஏறினார்.

இன்னொரு வகையும் உண்டு. ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலில் வரும் ஹென்றி யாரோடும் மோதுவதில்லை. வளர்த்த தந்தையின் ஊருக்கு வருகிறான். சொத்தில் முழு உரிமை இருந்தும் பழைய வீடு ஒன்று போதும் என்கிறான். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தும் கேட்காமல் விடுவது ஒரு முடிவுதான். வெளியே தெரியாத முடிவு. அதனால்தான் ஹென்றியின் நல்ல குணம் நமக்குச் சலிப்பதில்லை. நன்மை ஒரு பாத்திரத்துக்குக் கேடல்ல. தேர்ந்தெடுக்காமல், எழுத்தாளர் ஒட்டிவைத்த நன்மைதான் கேடு.

நெசவாளியை எப்படி எழுதுவது?

இவ்வளவையும் சொல்லி நான் வந்து சேர விரும்பிய இடம் இந்த ஊர்தான். தமிழ்க் கதைகளிலும் பத்திரிகைகளிலும் நெசவாளி வரும்போதெல்லாம் பெரும்பாலும் முதல் பட்டியலோடு மட்டுமே வருகிறார். வறுமை, கடன், இருமல், கஞ்சித்தொட்டி. அவை பொய் அல்ல. நான்கையும் அனுபவித்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடும் எழுத்து வாசகரிடம் இரக்கத்தை மட்டுமே வாங்கித் தரும். இரக்கப்படுபவர் புத்தகத்தை மூடியதும் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். பிரியப்பட்டவர் போக மாட்டார். அந்த ஆளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தலைமுறை தலைமுறையாகக் கணக்கும் கலையும் ஒரே கையில் வைத்திருக்கும் மக்களுக்கு நாம் தர வேண்டியது அந்த இரண்டாவது மரியாதை.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆரணி மனிதர்களுக்கு இலக்கியத்தில் அப்படி ஓர் அடையாளம் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. அதற்கான ஆட்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். விசைத்தறி பக்கத்து வீட்டுக்கு வந்த பிறகும் கைத்தறியை விடமாட்டேன் என்று குழியில் உட்கார்ந்திருப்பவர் இருக்கிறார். அவர் பிடிவாதத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள், அவரா, அவர் மனைவியா என்று கேளுங்கள். கதை அங்கே தொடங்கும். அப்பாவின் தறியில் உட்கார மறுத்துச் செய்யாறு சிப்காட் காலணித் தொழிற்சாலைக்குப் பேருந்து ஏறும் பெண் இருக்கிறாள். அவளை ஓடிப்போனவளாகவும் எழுதலாம், தப்பித்தவளாகவும் எழுதலாம், இரண்டுமே சோம்பல். அவள் கொடுத்தது என்ன, பெற்றது என்ன என்று கணக்கெடுத்து எழுதினால்தான் அவள் ஒரு பாத்திரம் ஆவாள். முன்பணம் கொடுத்த முதலாளியிடம் ஒரு நாள் எடை சரியில்லை என்று நிமிர்ந்து சொன்னவர் இருக்கிறார். தார் சுற்றியே மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்துவிட்டு, தன் பெயரில் எந்தக் கணக்கும் இல்லாத அம்மாக்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

எழுதப்போகும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் பாத்திரத்தை நல்லவராக்கப் பாடுபடாதீர்கள், பாவப்பட்டவராக்கவும் பாடுபடாதீர்கள். அவருக்குத் தெரிந்த வேலையை முதலில் நன்றாகச் செய்யவிடுங்கள். யாரிடமும் சொல்லாத ஒன்றை வாசகரிடம் மட்டும் சொல்லவிடுங்கள். அவராகவே ஒரு முடிவை எடுக்கட்டும். அது தவறான முடிவாகவும் இருக்கலாம். அதன் விலையை அடுத்தவர் தலையில் கட்டாமல் அவரே கட்டட்டும். அதைக் கண்ணை எடுக்காமல் பார்த்து எழுதுங்கள். அந்த ஆளை ஆரணிக்குப் பிடிக்கும். ஆரணியை ஒருநாளும் பார்த்திராதவர்களுக்கும் பிடிக்கும்.